நாயகன் இல்லாத கிமோனோ

ஜப்பானில் மொதோயசு என்று ஒரு சிற்றரசர் இருந்தார். மகா வீரர்! அப்படித்தான் அவரே தன்னைப் பற்றிக் கவிதை எழுதி வைத்திருந்தார். ஆற்றங்கரைப் போரில் எதிரிகளைப் பந்தாடினாராம். அன்றைக்கு அவர் வயிற்றுவலி என்று இரண்டு காதம் தள்ளி ஒரு மாட்டுக்கொட்டகையில் படுத்திருந்தது ஊருக்கே தெரியும். யார் வாயைத் திறப்பார்கள்?

ஒருநாள், பட்டில் சாயச் சித்திரம் போடும் ஒகினுவைக் கூப்பிட்டனுப்பினார்.

"என் கவிதையை ஒரு கிமோனோ அங்கியில் சித்திரமாகப் போடு. விருந்துக்குப் பக்கத்து நாட்டு அரசர் வருகிறார். அந்தப் போரில் நம் பக்கம் நின்றவர். 'இது பொய்' என்று அவர் சொல்லிவிட்டால் உன் பத்து விரலும் போய்விடும்!"

ஒகினு அழுதுகொண்டே அமைச்சர் கியோஹேயிடம் ஓடினாள். "ஐயா, அரசரைக் குதிரைமேல் வரைந்தால் விருந்தாளி சிரிப்பார். கொட்டகையில் வரைந்தால் விரல் என்ன, தலையே போகும்!"

"அடி பைத்தியமே, அழாதே. காதல் கதை என்றால் துணியில் எப்படிப் போடுவாய்?"

"காதலர்களைப் போட மாட்டோம் ஐயா. ஆளில்லாத வண்டி, கீழே விழுந்த விசிறி, அவ்வளவுதான். படித்தவர்கள் பார்த்ததும் இன்ன கதை என்று கண்டுகொள்வார்கள்."

"இதையும் அப்படியே போடு."

விருந்தன்று கிமோனோ வந்தது. ஆறு, முறிந்த அம்புகள், சேணம் பூட்டிய குதிரை. ஆள் மட்டும் இல்லை.

"நான் எங்கேயய்யா?" என்று உறுமினார் அரசர்.

"இலக்கியம் தெரிந்தவர்கள் நாயகனை வரைவதில்லை அரசே. தெரியாதவர்கள்தான் 'ஆள் எங்கே' என்று கேட்பார்கள்" என்றார் கியோஹே.

"தெரியும், தெரியும். உம்மைச் சோதித்தேன்!" என்று அவசரமாகக் கிமோனோவை எடுத்து மாட்டிக்கொண்டார் அரசர்.

விருந்தாளி அவரை இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"காலையிலிருந்து பொழுது சாயும்வரை நான் அந்தக் கரையில்தான் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு பொய்கூட இல்லை. அன்றைக்கும் அச்சு அசல் இப்படியேதான் இருந்தது!"

அரசருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ஒகினுவுக்குப் பத்துச் சுருள் பட்டு பரிசு! அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். அப்பாடா, பத்தும் இருந்தன.

"கியோஹே! அடுத்த போர் முடிந்ததும் இதேபோல் இன்னொன்று வேண்டும்!"

"முடியும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் அரசே?" என்றார் கியோஹே பணிவாக. "இப்போதே போட்டு வைத்துவிடலாம். எந்தப் போர் வந்தாலும் படம் மாறப்போவதில்லை."