லூர்துசாமியின் டாம் காலின்ஸ்

உங்களுக்குப் புத்தி இருக்கிறது என்று நம்பிச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடைசியில் கேள்வி உண்டு.

ஏற்காட்டில் ஒரு கிளப். பெயர் வேண்டாம். உறுப்பினர் ஒருவர் இறந்தால், முப்பதாம் நாள் சாயங்காலம் அவர் வழக்கமாகக் குடிப்பதைக் கலந்து, அவருடைய மேஜையில் வைப்பது அங்கே பழக்கம். யாரும் தொடக் கூடாது. பிறகு ரோஜாச் செடிக்கு ஊற்றிவிடுவார்கள். செடி என்ன பாவம் செய்ததோ.

இந்த முறை காப்பித் தோட்டக்காரர் லூர்துசாமிக்கு. ரத்தக் கொதிப்பு மண்டைக்கு ஏறி, மலை இறங்குவதற்குள் போய்விட்டார்.

மனைவி ரெஜினா அழவில்லை. கல்லறையிலும் அழவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. கல்லீரல் கெட்ட வருஷம், பைபிள் மேல் கை வைத்து, இனி ஒரு சொட்டு மது தொடுவதில்லை என்று அவர் சத்தியம் செய்திருந்தார். அதே வருஷம் டாக்டர் உப்பையும் நிறுத்தினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாம்பார், ரசம், முட்டை எதிலும் உப்பில்லை. அவளும் அதையேதான் தின்றாள். ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. அவர் கிளப்புக்குப் போவதும் நிற்கவில்லை.

"வெறும் எலுமிச்சை சோடாதான்டி" என்பார்.

"உங்க வாய்ல என்னிக்கு உண்மை வந்துச்சு?" என்பாள்.

அந்தச் சண்டை தீராமலே அவர் போனார்.

முப்பதாம் நாள் ரெஜினா கிளப்புக்கு வந்தாள். கணவரின் மேஜைக்கு எதிரே துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். லூர்துசாமியின் சிநேகிதர், தினமும் ஒன்றாகக் குடித்தவர், அதைவிட அதிகமாகப் பேசியவர். இழவு வீட்டுக்காரியிடமும் பிரசங்கம்.

"அவன் குடிச்சது டாம் காலின்ஸ். ஜின், எலுமிச்சை, சர்க்கரை, சோடா. நாலே சாமான் தங்கச்சி. அஞ்சாவதா ஒண்ணு போட்டா அது காலின்ஸே இல்லை. பேர் எப்படி வந்துச்சுங்கிறே? லண்டன் ஓட்டல் சர்வர் பேருன்னு சிலர் சொல்வாங்க. நியூயார்க் கதைதான் எனக்குப் பிடிக்கும். 'டாம் காலின்ஸ்னு ஒருத்தன் பக்கத்து பார்ல உன்னைக் கேவலமாப் பேசறான்'னு ஒரு ஆளைக் கிளப்பி விடுவாங்க. இவன் மீசையை முறுக்கிக்கிட்டுத் தேடிப் போவான். அப்படி ஒருத்தனே இருக்க மாட்டான்."

"அண்ணே, அவர் கிளாஸ்ல ஜின் இருந்துச்சா?"

"பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தவன் நான். இல்லாம?"

உயரக் கிளாஸில் ஜின் போட்டதும் போடாததும் ஒரே நிறம் என்பது அந்தப் பெரிய மனிதருக்குத் தோன்றவில்லை.

ரெஜினா கவுண்டருக்குப் போனாள். பார்மேன் சின்னப்பனிடமும் லூர்துசாமி ஒரு சத்தியம் வாங்கியிருந்தார்: கிளாஸில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

"நீயாவது சொல்லு சின்னப்பா."

"சொல்றதுக்கில்லம்மா."

"அப்ப, அவர் குடிச்சது எதுவோ அதையே கலந்து கொண்டா."

"நல்லா தாராளமா ஊத்துப்பா" என்றார் துரைக்கண்ணு.

சின்னப்பன் முதுகைக் காட்டி நின்று கலந்தார். எலுமிச்சையைப் பிழிந்து, சர்க்கரை கரையும்வரை பொறுத்து, ஐஸோடு மூடிக் குலுக்கினார். சோடாவைக் குலுக்கக் கூடாது. அது கடைசியில், மேலாக. கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

எல்லோரும் பார்க்க, ரெஜினா அதை எடுத்து ஒரு வாய் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள்.

"உப்பு" என்றாள்.



லூர்துசாமி சொன்ன சொல்லைக் காத்தாரா? கணவர், மனைவி, பார்மேன், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: காலின்ஸில் யாரும் உப்பு போடுவதில்லை. எலுமிச்சை சோடாவில் போடுவார்கள். பைபிள் மேல் செய்த சத்தியத்தை மனிதர் காத்தார். டாக்டர் கூடாது என்று சொன்னதைத்தான் கிளப்பில் கரைத்துக் குடித்தார். ரெஜினா காவல் காத்தது தவறான கதவை. செய்தது சரி என்றால் சின்னப்பனைத்தான் சொல்வேன், வாய் திறக்காமலே விதவைக்குப் பதில் சொன்னதால். ஆனால் அந்த உப்பை நாள் தவறாமல் போட்டதும் அதே கைதான். அதற்கு என்னிடம் விடையில்லை. ரெஜினா இன்னும் உப்பில்லாமல்தான் சமைக்கிறாள். ஏன் என்று கேட்டேன். வித்தியாசம் தெரியவில்லை என்றாள்.