அசையாத கானமயில்

ஒரு காட்டின் கடைசிப் புல் முடிகிற இடத்தில் கடல் தொடங்கியது. அந்தக் காட்டில் ஒரு கானமயில் இருந்தது; பெயரில்தான் மயில், தோகை இல்லாத புல்வெளிப் பறவை. ஆட்டுக்குட்டி உயரம், அரசி நடை. பறப்பதைவிட நடப்பதுதான் அதற்குப் பிடிக்கும். புல்லில் படுத்துவிட்டால் பருந்துக்குக்கூடத் தெரியாது. அதில் அதற்கு ஏகப்பட்ட கர்வம்.

ஒரு மாலை, கடல் உள்வாங்கிக் கிடந்தது. கானமயில் நண்டு தேடி ஈர மணலில் இறங்கியது. காற்று இல்லை. அலைச் சத்தமும் இல்லை.

ஒரு குட்டையில் கால் வைத்தது.

“அக்கா, என் முதுகை மிதிக்கிறீர்கள்,” என்றது மணல்.

கானமயில் விலகி நின்றது. குட்டையின் அடியில் இரண்டு கண்கள் தெரிந்தன. கண்கள் மட்டும்தான், பிள்ளைகளே. முகம் இல்லை.

“யாரடி நீ?”

“திருக்கை மீன். வெகுநேரமாக உங்களையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.”

அது மணலை உதறிக் காட்டியது. கானமயிலுக்குச் சிரிப்பு வந்தது. “தோசைக்கு வால் முளைத்த மாதிரி இருக்கிறாயே. இறக்கை வேறு. பறப்பாயோ?”

“தண்ணீருக்குள் பறப்பேன். ஆனால் தரையோடு கிடக்கத்தான் பிடிக்கும். உங்களைப் போல.”

“என்னைப் போலவா? அசையாமல் கிடப்பதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது.”

“அப்படியா?” திருக்கையின் குரல் தணிந்தது. “பார்ப்போமா, அக்கா? முதலில் அசைந்தவர் தோற்றவர்.”

கானமயில் குட்டை ஓரத்தில் கழுத்தை நீட்டி, மணலோடு மணலாகப் படுத்தது.

வெளிச்சம் மங்கியது. மார்புக்கு அடியில் மணல் மெல்ல இளகியது.

“குளிர்கிறதா, அக்கா?”

“உன் வேலையைப் பார்.”

தூரத்தில் ஆள்காட்டிக் குருவி அலறியது. “டிட்டிடூ, டிட்டிடூ. கடல் ஏறுது, எழுந்திரு, எழுந்திரு.”

ஆள்காட்டி அலறினால் இன்னும் இறுகப் பதுங்க வேண்டும். குஞ்சாக இருந்தபோதே கானமயில்கள் பழகுவது அது. நரியிடமிருந்தும் பருந்திடமிருந்தும் அதுதான் காப்பாற்றியிருக்கிறது. என்ன சொல்லி அலறுகிறது என்று யார் கேட்டார்கள்? கானமயில் கண்களை மூடி, கழுத்தை இன்னும் தாழ்த்தியது.

தண்ணீர் இறகுகளுக்குள் நுழைந்தது. எழுந்துவிடலாமா? எழுந்தால் ஒரு தோசையிடம் தோற்றதாகிவிடுமே. இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்சம்.

கடைசியில் எழப் பார்த்தபோது, இறக்கைகள் கல்லாய்க் கனத்தன.

கடல் சத்தமில்லாமல் நிறைந்தது.

“நீங்கள்தான் ஜெயித்தீர்கள், அக்கா,” என்றது திருக்கை.

கானமயில் அசையவே இல்லை. திருக்கை அதற்கு மேலே ஒருமுறை மிதந்து பார்த்துவிட்டு, மணலை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

நீதி: தன் இடத்தில் உயிரைக் காக்கும் பழக்கமே, அடுத்தவர் இடத்தில் உயிரை எடுத்துவிடும்.