வெள்ளை மலையின் தாகம்

அந்தக் காலத்தில் மலையும் பேசும், ஆடும் பேசும். மனுசர்கள் காது கொடுத்துக் கேட்டார்களா என்பதுதான் கேள்வி.

மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் மலை. இன்று மொட்டையாக வெளுத்துக் கிடக்கிறதே, அதேதான். அன்று உச்சிவரை பைன் மரங்கள், திரும்பிய பக்கமெல்லாம் ஊற்று. அங்கே தெக்லா என்று ஓர் ஆட்டுக்காரி இருந்தாள். புருஷன் இல்லை, ஷமூனி என்று ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அம்மா வீட்டைப் பார்க்க வந்தாள்.

"சுவரெல்லாம் கரி அப்பிக் கிடக்கே! வெள்ளையடிக்காத வீட்டில நாங்க கை நனைக்க மாட்டோம்" என்று மூஞ்சியைச் சுளித்துவிட்டுப் போனாள்.

வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வேண்டும். மலையில் கல்லெடுத்து, கழுதையில் ஏற்றிக் கீழே கொண்டுபோய், கடற்கரை மணலில் காளவாய் போட்டுச் சுடுவதுதான் அங்கே வழக்கம். தெக்லாவுக்கோ கல்யாண அவசரம். மலைமேல் ஊற்றுப் பக்கத்திலேயே காளவாய் அடுக்கிவிட்டாள்.

"கல்லை எடுத்துக்கோ தெக்லா, வேண்டாங்கல" என்றது மலை. "நெருப்பைக் கீழே கொண்டுபோய் மூட்டு. கோடைக்காத்து பொல்லாதது."

"ஒரே ஒரு தடவைதானே! உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"மலை சொல்றதைக் கேளும்மா" என்றது அவள் மந்தையின் கிடா.

"நீ பேசாம தழையைத் தின்னு!" என்று அதட்டிவிட்டுத் தீ மூட்டினாள்.

கல் நன்றாகத்தான் வெந்தது. அதற்குள் காற்று திரும்பிவிட்டது. ஒரு பொறி பறந்து பிசின் வழிந்த மரத்தில் விழுந்தது. அவ்வளவுதான், மலை முழுக்கப் பற்றிக்கொண்டது. தாயும் மகளும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வெறும் பாறைக்கு ஓடி உயிர் பிழைத்தார்கள். தீ அடங்கியபோது மலையே ஒரு காளவாயாக வெந்திருந்தது. சுட்ட சுண்ணாம்பு தண்ணீரைக் கண்டால் விடுமா? உஸ்ஸென்று புகைவிட்டு, ஊற்றுகளை ஒன்றுவிடாமல் உள்ளே இழுத்துக் குடித்தது மலை.

தெக்லா கையில் சுண்ணாம்பு இருந்தது, அதை நீற்றிக் கரைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆடுகள் நாக்குத் தள்ளி நின்றன. அவள் பாறையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"இந்த வாயில்லாத... ஐயோ, வாயிருந்து சொன்னதையும் கேக்கலையே பாவி நான்! இதுகளுக்கு ஒரு வாய் தண்ணி விடேன்!"

"கொடுக்க மனசு இருக்கு தாயி. உள்ளே எரியுது, குடிக்கிறதை நிறுத்த முடியல. மிஞ்சினதை அடிவாரத்தில் விடறேன். அங்கே போய்க் குடிங்க" என்றது மலை. அதன்பின் அது பேசவே இல்லை.

கீழே போனார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே பாறை இடுக்கில் குளிர்ந்த நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கல்யாணமும் அந்தக் கரையிலேயே நடந்தது. சுவரே இல்லாத இடத்தில் எதைக் குறை சொல்வது? சம்பந்தியம்மாள் பேசாமல் கை நனைத்தாள். தெக்லா மட்டும் பந்தியில் உட்காரவில்லை. எழுந்துபோய் மலைப்பாதையின் வாயிலில் உட்கார்ந்தாள். ஏற வந்தவர்களை எல்லாம் மறித்தாள்.

"நெருப்பு இருந்தா இங்கேயே வெச்சிட்டுப் போ. தண்ணி இல்லேன்னா எடுத்துக்கிட்டு வா. மலைகிட்ட மட்டும் கேட்டுடாதே."

அன்று முதல்தான், எத்தனை மழை பெய்தாலும் அந்த மலை அத்தனையையும் உள்ளே குடித்துவிட்டு மேலே காய்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்களும் நெருப்பைக் கீழே விட்டுவிட்டு, தங்கள் தண்ணீரைத் தாங்களே சுமந்துகொண்டு ஏறுகிறார்கள்.