படுத்துப் பார்க்காத வண்டி

ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்ட்ரெச்சர் வாங்கினால், அதில் முதலில் யார் படுக்கணும், சொல்லுங்க பார்ப்போம்?

செவந்தி அரசு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவள். போன மாதம் பிரசவ வலியில் வந்த தங்கை பூங்காவனத்தை அவளேதான் தள்ளிப் போனாள். சரிவுப்பாதையில் சக்கரம் கழன்றது. தாயும் தங்கவில்லை, பிள்ளையும் தங்கவில்லை.

இப்போது அந்த வண்டியைச் செய்த அதே கம்பெனியிலிருந்து புது வண்டிகள் வந்து இறங்கின. கொள்முதல் அதிகாரி தணிகாசலம் காகிதத்தை நீட்டினார்.

"தள்ளிப் பார்த்தேன், நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

செவந்தி சக்கரத்தை அசைத்தாள். கடகடவென்று ஆடியது.

"டெண்டருக்குக் கொண்டுவந்து காட்டின சாம்பிள் வண்டி இப்படி ஆடலையே சார்?"

"உனக்கென்ன தெரியும்? ஆன்லைன் டெண்டர். இவங்கதான் எல்-ஒன்."

"அப்படின்னா?"

"எல்லாரையும்விடக் குறைஞ்ச விலை. கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்தது!"

"அப்ப சரிங்க, போட்டுடறேன். தள்ளிப் பார்க்க ஒரு ஆள் வேணுமே. நீங்க ஏறிப் படுங்க சார், சரிவுல ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்."

"நான் விழுந்து மண்டை உடையவா?" என்று தணிகாசலம் கத்தியே விட்டார்.

வராண்டா முழுக்கச் சிரித்தது. சத்தம் கேட்டு வந்த பெரிய டாக்டர் வண்டிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். செவந்தி மட்டும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டரிடம் திரும்பினாள்.

"சார், அடுத்த டெண்டர் நிபந்தனையில ஒரு வரி சேர்த்துடுங்க. வாங்குறவர் முதல்ல படுத்துப் பார்க்கணும்னு. இந்தச் சாவு என் பூங்காவனத்தோட நிக்கட்டும்."