தரையில மாட்டின கொக்கி

"டீச்சர், எனக்கு வேலை எப்ப வரும்?"

நயினாரு தெனமும் காலையில இதத்தான் கேப்பாரு.

ரெக்ஸ்லின் டீச்சரும் தெனமும் ஒரே பதிலத்தான் சொல்லும்.

"பெல்ட்ட மாட்டுங்க அண்ணாச்சி."

மாட்டுவாரு. இடுப்புல பெல்ட்டு, தோள்ல வாரு, நெஞ்சுக்கு நேரா ஒரு கொக்கி. கரண்டு எடுக்குற காத்தாடிக் கம்பத்துல ஏறுறவன் கீழ விழாம இருக்க மாட்டுறது. ஆனா ஏற விடமாட்டாவ. ஷெட்டுச் சுவத்துல இரும்பு வளையம் அடிச்சிருக்கும். அதுல கொக்கியப் போட்டுட்டு தரையிலதான் நிக்கணும்.

டீச்சர் வந்து கயித்த ரெண்டு தடவ இழுத்துப் பாக்கும்.

"கொக்கி பிடிக்கு."

அம்புட்டுதான் பாடம்.

நயினாரு யாருன்னு சொல்லணும்லா. கடக்கரை நிலக்கரி யார்டுல இருவத்திரெண்டு வருசம் கரி அள்ளினவரு. அவரு வீட்டுக் கொடியில வெள்ள வேட்டி வெள்ளையா காஞ்சதே கெடையாது. இருமினா துண்டு கருக்கும். அந்தத் துண்ட அவரு சம்சாரம் தனி வாளியில ஊறப்போடும்.

கரிப் புகையாலதான் உலகமே கொதிக்குன்னு சொல்லி யார்டையே மூடிட்டாவ. நயினாரு சண்டைக்குப் போவல.

"நெசந்தான. மூடட்டும்."

எல்லா நாடும் கூடிப் பேசி, கரி அள்ளினவங்களுக்குக் காத்தாடியில வேலைன்னு எழுதிக் குடுத்தாவ. மேல ஏறணும், நெட்டு முறுக்கணும், கிரீசு போடணும். அம்பது வயசு வரைக்கும் ஏறலாம்.

அப்ப அவருக்கு நாப்பத்தாறு.

அந்தக் காத்தாடிய நட்டுக் குடுக்க மொத நாட்டுக்காரங்க வந்தாவ. நாட்டுப் பேரு எங்க வாயில எங்க நொழையுது? தொறப்பு விழாவுல தின்ன என்ன போட்டாவளோ அதான் பேரு. அவங்க உப்புமா நாடு. கம்பத்த நட்டாவ, பெல்ட்டு மாட்டச் சொல்லிக் குடுத்தாவ, சர்டிபிகேட் நீட்டினாவ, போயிட்டாவ. றெக்கை அடுத்த நாடு தரும்னாவ.

அடுத்தது கேசரி நாடு. கேசரியில முந்திரி நெறைய. றெக்கையும் வந்துச்சு, ஒவ்வொண்ணும் ஒரு தெரு நீளம். தூக்கி வச்சுப் பாத்தா, கம்பத்துத் துளை ஒரு அளவு, றெக்கைத் துளை ஒரு அளவு. எறக்கிப் போட்டுட்டாவ. ஆடுவளுக்கு நல்ல நெழலு.

நயினாரு பழைய சர்டிபிகேட்ட நீட்டினாரு.

"ரொம்ப சந்தோசம். ஆனா எங்க நாட்டு முறைக்கு இது செல்லாது."

திரும்ப மொதப் பாடம். பெல்ட்டு.

எங்க சித்தி மவ ஒருத்தி இருந்தா. பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பதினோரு தடவ காப்பி கொண்டாந்து குடுத்தா. காப்பி போடுறதுல அவள அடிச்சிக்க ஆளு கெடையாது. கல்யாணந்தான் நடக்கல. அது கெடக்கட்டும்.

மூணாவது பிரியாணி நாடு. துளை ரெண்டையும் சேத்துவைக்க ஒரு வளையம் செய்யணும்னாவ. அதுக்கு அளவெடுக்க ஒரு கமிட்டி. கமிட்டி கூடுற வரைக்கும்?

பெல்ட்டு.

டீச்சருக்கு முப்பது வயசு இருக்கும். மூணு நாட்டுக்கும் அதே டீச்சர்தான். படிக்கையில ஒரே ஒருக்க மேல ஏறியிருக்காம்.

"மேல எப்படி இருக்கும் டீச்சர்?"

"சத்தமே இருக்காது அண்ணாச்சி. மூச்சு சும்மா போவும், சும்மா வரும்."

நயினாரு அன்னைக்கு ரொம்ப நேரம் கம்பத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.

மறுநா அவருக்குக் கோவம் வந்துட்டு.

"விழாம இருக்கத்தான இந்தக் கொக்கி?"

"ஆமா."

"தரையில நிக்கவன் எங்க டீச்சர் விழுவான்?"

டீச்சர் கயித்த இன்னொருக்க இழுத்துப் பாத்துச்சு.

நாலாவது நாடு வந்துச்சு. டிபன் கெடையாது, ஆளுக்கொரு பன்னு. புது ஆபீசரு, புது வாத்தியாரு. ரெக்ஸ்லின் டீச்சரக் காணல.

நயினாரு பெல்ட்ட மாட்டிக்கிட்டு மூணு சர்டிபிகேட்டையும் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. ஆபீசரு அதத் தொடல. பொறந்த தேதியத்தான் பாத்தாரு.

"தையில உங்களுக்கு அம்பது முடியுது. பயிற்சி மாசியிலதான் முடியும். நீங்க மேல ஏற முடியாது."

"அப்ப நான் எதுக்கு சார்?"

"பயிற்சிக்கு வயசு வரம்பு கெடையாது. தாராளமா நில்லுங்க."

ஷெட்டுக்கு வெளிய கம்பம் மொட்டையா நிக்கி. காத்து என்னமோ அடிச்சு வீசுது. தாளெல்லாம் பறக்கு.

நயினாரு வளையத்துல இருந்து கொக்கியக் கழட்டப் போனாரு.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி."

திரும்பினாரு. ரெக்ஸ்லின் டீச்சர். இடுப்புல புதுப் பெல்ட்டு, நெஞ்சுல நம்பர் ஒட்டியிருக்கு.

"டீச்சர், நீங்க எங்க இங்க?"

"என் சர்டிபிகேட்டும் செல்லாதாம்."

டீச்சர் கொக்கிய வளையத்துல போடப் பாக்கு. ரெண்டு தடவ வழுக்கிட்டுப் போவுது. எத்தன பேருக்கு மாட்டிவிட்ட கை!

நயினாரு வாங்கி மாட்டிவிட்டாரு. கயித்த ரெண்டு தடவ இழுத்துப் பாத்தாரு.

"பிடிக்கு டீச்சர்."

"தரையில நிக்கவ எங்க அண்ணாச்சி விழுவேன்?"



நயினாரு கயித்த இன்னொருக்க இழுத்துப் பாத்தாரு.