மூணு லிட்டரில் பதினாலு ரவுண்டு

சென்னியப்பண்ணன் வாயைத் திறந்தால் பாதி பொய், மீதி அதற்குச் சாட்சி. கணபதி ஏரியாவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். வயசு நாற்பத்தாறு. வீட்டில் ஸ்டீயரிங், பெடல் எல்லாம் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவதுதான் அவருக்கு உயிர். நாங்களும் அந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள்தான். அவர், நான், மில்லில் வேலை பார்க்கும் தாமு, மூன்று பேரும் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டுவோம். எப்போது பெட்ரோல் போடுவது, எப்போது டயர் மாற்றுவது என்று கணக்குப் பார்த்துச் சொல்கிற கேப்டன், கோகிலவாணி.

போன ஞாயிறு ஆறு மணி நேரப் பந்தயம். அதிவேகக் கார்களும் எங்கள் கார் மாதிரி கொஞ்சம் மெதுவான ரகமும் ஒரே ரோட்டில் ஓடும். ரகத்துக்கு ஒரு பரிசு. எங்கள் ரகத்தில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தோம். கடைசிப் பதினாலு ரவுண்டு சென்னியப்பண்ணன் கையில். அந்த நேரம் பார்த்து கோகிலவாணி வீட்டில் கரண்டு போய்விட்டது. தாமு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். நான் மச்சினன் நிச்சயதார்த்தத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். வந்து முடிவைப் பார்த்தால், பெட்ரோல் போடுகிற இடத்துக்குக் கடைசியாக வந்து போனதற்கு அப்புறம் ஒரே ரவுண்டு. கார் நின்றிருக்கிறது.

அடுத்த பந்தயத்தில் கடைசி ஒரு மணி நேரம் யார் ஓட்டுவது என்று பெயர் கொடுக்க இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் நேரம். அஞ்சரைக்கு பேக்கரியில் கூடினோம்.

"ஒரே கேள்விங்ணா," என்றாள் கோகிலவாணி. "கடைசியா நிறுத்துனப்ப எத்தனை லிட்டர் போட்டீங்க?"

"அதைத்தான் சொல்ல வர்றேன் அம்மிணி." தேங்காய் பன்னை ஒரு கடி கடித்தார். "ஒரு ரவுண்டுக்கு நாம எல்லாம் மூணு லிட்டர் குடிக்க வைக்கிறோமா? நான் அந்த மூணு லிட்டர்ல ஆறு ரவுண்டு போனனுங்க. வளைவு வர்றதுக்கு முன்னாடியே காலை எடுத்துட்டு உருட்டி விட்டுட்டேன். இஞ்சினுக்கே நாம ஓடறமா நிக்கறமான்னு சந்தேகம் வந்துருச்சு."

"எங்களுக்கும் அதே சந்தேகந்தான்," என்றான் தாமு.

"சித்தெ இரு தாமு. ஏழாவது ரவுண்டுல பின்னாடி இருந்து வேகமான ரகக் கார்ல ஒருத்தன் வந்தான், பிரேசில்காரன். அவன் என்னைத் தாண்டுனதும் அவன் முதுகுலயே ஒட்டிக்கிட்டேன். அவன் காத்தைக் கிழிக்கிறான், நான் சும்மா போறேன். இஞ்சினை அணைச்சே போட்டுட்டேன். டவுன் பஸ்ஸைப் பின்னாடி புடிச்சுட்டு சைக்கிள்ல போற மாதிரி நாலு ரவுண்டு இழுத்துட்டுப் போனான். கடைசியில ஹெட்போன்ல கெஞ்சறானுங்க, 'ஐயா, எறங்கிக்குங்க, என்ற வண்டி இழுக்க மாட்டேங்குது'ன்னு."

"அவன் பேசுனது உங்களுக்கு எப்படிங்ணா புரிஞ்சுது?" என்று நான் கேட்டேன்.

"கஷ்டத்துல இருக்கறவன் எந்த பாஷையில பேசினாலும் புரியுமப்பா."

கோகிலவாணி போனில் மணியைப் பார்த்தாள். "எத்தனை லிட்டர் போட்டீங்கண்ணா?"

"அம்மிணி, டயரைப் பத்திக் கேக்கவே மாட்டேங்கறியே! அந்த டயரு மூணு மணி நேரம் ஓடுன டயரு. தேஞ்சு தேஞ்சு அப்பளமாட்டம் ஆயிருச்சு. வேற ஒருத்தனா இருந்தா மாத்தியிருப்பான். நான் என்ன பண்ணுனேன்? மத்த கார்க தேச்சுட்டுப் போன ரப்பரெல்லாம் ரோட்டோரத்துல கெடக்குதில்ல? அது மேலயே ஓட்டுனேன். சூட்டுல ஒவ்வொண்ணா ஒட்டிக்கிச்சு. பழைய டயர்ல போனவன் மூணாவது ரவுண்டுல புது டயரோட வந்தேன். பின்னாடி டயர்ல வேற கம்பெனி பேரு எழுதியிருந்துதுங்க!"

பக்கத்து மேஜையில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர் திரும்பி உட்கார்ந்தே விட்டார்.

"கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுமாம்," என்றான் தாமு. "ரிசல்ட்டுல ஒரு ரவுண்டுன்னுதான போட்டிருக்குது?"

"எண்ணுற கம்ப்யூட்டரு ஒண்ணோட நிறுத்திக்கிச்சு. நான் போன வெசைக்கு அதுக்குத் தலை சுத்திருச்சு. நம்பலைன்னா என்ற வீட்டுக்கு வந்து சேரைப் பாரு. நாலு சக்கரமும் தேஞ்சு போயிருக்குது. ரூமெல்லாம் ரப்பர் கருகுன வாசம். பக்கத்து வீட்டம்மா ஓடியாந்து, என்ன தீயுதுன்னு கேட்டுட்டுப் போச்சு."

"உங்க சேர்ச் சக்கரம் தீபாவளிக்கே உடைஞ்சுதுங்ணா. செங்கல்லு வெச்சு நிறுத்துனதே நானும் தாமுவும்தான்," என்றேன்.

"அந்தச் செங்கல்லும் தேஞ்சுருச்சு!"

தாமு டீயைத் துப்பாமல் விழுங்கப் பெரும்பாடு பட்டான். அண்ணனுக்குக் குஷி பிறந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொண்ணு சொல்றேன், அம்மிணி கோவிச்சுக்கப்படாது. உன்ற வீட்டுல கரண்டு போச்சே, அது என்னாலதான். கடைசி வளைவுல ஸ்டீயரிங்கை ஒரு ஒடி ஒடிச்சேன். கணபதி ஏரியாக் கரண்டு பூரா என்ற ஸ்டீயரிங்குக்குள்ள வந்துருச்சு."

"சரி. அவ்வளவு வேகமா போன வண்டி ஏன் நின்னுச்சு?" என்று கேட்டது பக்கத்து மேஜைக்காரர்.

"நிக்கலைங்க, நிறுத்துனேன். கோட்டுக்கு இந்தப்பக்கம் முந்நூறு மீட்டர். முதலாவதா வந்தவன் கண்ணாடியில என்னையப் பாத்துட்டு அழுகறான். புள்ளகுட்டிக்காரன். போயிட்டுப் போறான்னு விட்டுக் குடுத்துட்டேன்."

கோகிலவாணி சிரிக்கவில்லை. "அண்ணா, ஆறாகப் போகுது. கரண்டு போறதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? டயர் தாங்கும், மாத்த வேண்டாம், திரையில நாலு டயருக்கு நேரா இருக்கற டிக்கை மட்டும் எடுத்துருங்க, நாப்பது லிட்டர் போட்டுட்டுக் கிளம்புங்கன்னு சொன்னேன். நீங்க டயர் டிக்கை ஒவ்வொண்ணா எடுத்தீங்களா, இல்ல எல்லாத்தையும் ஒரேயடியா அழிக்கிற பட்டனை அமுக்குனீங்களா?"

அண்ணன் மிச்சமிருந்த பன்னைத் தட்டில் வைத்தார். எங்களில் அந்தப் பட்டனை ஒரு தடவையாவது அமுக்காதவர் யாரும் இல்லை. அதை அமுக்கினால் டயரோடு பெட்ரோலும் வேண்டாம் என்று ஆகிவிடும். வண்டி வந்து நிற்கும், ஒருத்தரும் கிட்டே வர மாட்டார்கள், வந்தபடியே கிளம்ப வேண்டியதுதான்.

"வெசயா கிளம்பணும்னு பாத்தேன்," என்றார் மெதுவாக. "ஒரேயடியா அமுக்கிட்டேன். ஜாக்கி எந்திரிக்கலை, பெட்ரோல் ஓஸும் வரலை. அடடா, டயர் மாத்தாததுனால இவ்வளவு சுருக்கா முடிஞ்சுதேன்னு சந்தோசமா கிளம்பிட்டனுங்க."

"அப்ப எத்தனை லிட்டர்?"

"ஒண்ணும் போடலை. உள்ளார கெடந்த மூணு லிட்டர்தான்."

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. வாரம் பூரா பட்டறையில் கம்பி சுற்றுகிற மனுஷன் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே காத்துக் கிடப்பார். "அம்மிணி, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு வேணும். ஜெயிச்சு கோட்டைத் தாண்டறது எப்படி இருக்கும்னு ஒருக்கா பாத்துறணும்," என்றார். சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

கோகிலவாணி முகம் கொஞ்சம் இளகியது. அதோடு நிறுத்தியிருந்தால் காரியம் கைகூடியிருக்கும். ஆனால் பக்கத்து மேஜைக்காரர் இன்னும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாரே, அண்ணனுக்கு நாக்கு நிற்குமா? மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"அதுவுமில்லாம யோசிச்சுப் பாருங்க! மறந்தாப்புல போடாமயே அந்த ஓட்டு ஓட்டியிருக்கேன். வேணும்னே போடாம ஓட்டுனா எப்படியிருக்கும்? வர்ற ஞாயித்துக்கிழமை எனக்குப் பெட்ரோலும் வேண்டாம், டயரும் வேண்டாம். ஆறு மணி நேரமும் முதல் எடம்!"

கோகிலவாணி போனில் எதையோ தட்டி அனுப்பிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்தாள்.

"தாமு பேரைக் குடுத்துட்டனுங்ணா. பெட்ரோலும் டயரும் இல்லாம ஓட்டறவருக்குக் காரு மட்டும் எதுக்குங்க?"