வால் கவ்விப் போன வரிசை

ஒரு காட்டில், குழந்தைகளே, ஆற்றங்கரைப் பள்ளத்தில் ஒரு பூனைக் கூட்டம் இருந்தது. மழைக்காலம் வந்தால் பள்ளம் முழுவதும் வெள்ளம் புகுந்துவிடும். அதற்கு முன்பே பூனைகள் எல்லாம், ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மருதமரத்தின் மேல் நடந்து, அக்கரை மேட்டுக்குப் போய்விடும்.

போவதற்கும் ஒரு முறை வைத்திருந்தன. முன்னால் போகும் பூனையின் வாலைப் பின்னால் வரும் பூனை வாயில் கவ்விக்கொள்ள வேண்டும். நடுவழியில் விட்டால் கூட்டத்தை விட்டே தள்ளிவைத்துவிடும். அடேயப்பா, அப்படி ஒரு கண்டிப்பு!

அந்த ஆண்டு புதிதாக வந்து சேர்ந்தது தவிட்டி என்ற பெண்பூனை. உருண்டை முகம், நீண்டு பருத்த பின்னங்கால்கள். வால் மட்டும் கிடையாது. கூட்டம் சும்மா இருக்குமா?

"கதவிடுக்கில் மாட்டி அறுந்திருக்கும்" என்றது ஒன்று.

"இல்லவே இல்லை, இதன் அப்பன் முயல்!" என்றது இன்னொன்று.

தவிட்டி அசரவில்லை. "கடல் நடுவே ஒரு தீவு இருக்கிறது. அங்கே எங்கள் இனம் இப்படித்தான் பிறக்கும். கப்பலில் எலி பிடிக்க ஏறிய என் முன்னோர் இந்தக் கரையில் இறங்கினார்கள். வால் இல்லாதது எனக்கு வலிக்கவில்லை, உங்களுக்கு ஏன் வலிக்கிறது?" என்றது.

மழைக்கு முன் தவிட்டி மூன்று குட்டி போட்டது. ஒன்றுக்கு வாலே இல்லை. ஒன்றுக்குக் கட்டைவிரல் அளவு வால். மூன்றாவதற்கோ நல்ல நீள வால்! அந்த இனத்தில் அப்படியும் பிறப்பதுண்டு.

ஒருநாள் காலை ஆறு பெருகத் தொடங்கியது. கூட்டத்தின் தலைவன் நெடுவாலன் வந்து குட்டிகளைப் பார்த்தது.

"இந்த நீளவால் குட்டியை மட்டும் கொடு. மற்ற இரண்டுக்கும் உனக்கும் வரிசையில் இடமில்லை."

"நாங்கள் கடைசியில் வருகிறோமே, தலைவரே. எங்கள் பின்னால் யாரும் வேண்டாமே."

"கவ்வக் கொடுக்க வால் வேண்டும். முறை என்றால் முறைதான்!"

தவிட்டி மூன்று குட்டிகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. "ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டை வெள்ளத்தில் விட நான் என்ன பேயா? மூன்றையும் நானே கொண்டுவருகிறேன். நீங்கள் போங்கள்" என்றது.

"தனியாக மரத்தில் கால் வைத்தால் வழுக்கி விழுவாய்!" என்று சிரித்துக்கொண்டே நெடுவாலன் முன்னால் நடந்தது. மற்றவை வால் கவ்வி வரிசையாகப் போயின.

கடைசிப் பூனையின் வால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போனது. கீழே கிடந்த முதலை அதை லபக்கென்று பிடித்து இழுத்தது. பாவம், கடைசிப் பூனை எப்படிக் கத்தும்? வாய் நிறைய வால்!

வரிசை முழுவதும் பின்னால் இழுபட்டது. "யார் அங்கே இழுப்பது? ஒழுங்காக நடங்கள்!" என்று நெடுவாலன் அதட்டியது. யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் அதே கதிதான்.

கரையிலிருந்த தவிட்டி பார்த்துவிட்டது. "முதலை! வாலை விட்டுவிட்டு ஓடுங்கள்!"

ஒன்றாவது விட வேண்டுமே! கூட்டத்தை விட்டுத் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில் இன்னும் இறுக்கிக் கவ்வின. கடைசிப் பூனை இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டது.

தவிட்டி பின்னங்கால்களை ஊன்றி ஒரே எம்பு! முதலையின் தலையில் குதித்துக் கண்ணைப் பிறாண்டியது. வலி தாங்காமல் முதலை பிடியை விட்டது. ஆத்திரத்தோடு தவிட்டியின் பின்பக்கத்தைக் கவ்வப் பாய்ந்தது. கவ்வ அங்கே என்ன இருக்கிறது? பல்லோடு பல் மோதியதுதான் மிச்சம். அதற்குள் தவிட்டி மரத்தின் மேல் நின்றது.

முதலை கண் கலங்கி ஆழத்துக்குப் போய்விட்டது. வரிசை கடைசிப் பூனையை மேலே இழுத்துக்கொண்டு அக்கரை ஏறியது. தவிட்டி கரைக்குத் திரும்பி, குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்ந்தது. ஒருமுறைகூட வழுக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆறு பெருகியபோது, நெடுவாலன் தானாகவே முதல் இடத்தை விட்டு இறங்கித் தவிட்டியின் பின்னால் வந்து நின்றது.

"நான் எதைக் கவ்விக்கொண்டு வருவது, தாயே?"

"எதையும் கவ்வ வேண்டாம். கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள்" என்றது தவிட்டி.

நீதி: ஒருவரிடம் இல்லாததைச் சொல்லி ஒதுக்காதே, அவரிடம் இருப்பதுதான் நாளை உன்னைக் காக்கும்.